செத்துப்போன சட்டி

ஐயம்பெருமாள் வீட்டுத் தயிர்ச்சட்டியின் மூடியைத் திறந்த நாச்சியார், திறந்த வேகத்திலேயே மூடினாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. தயிர் இருக்க வேண்டிய இடத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ பூத்துக் கிடந்தது. ஓரமாகக் கொஞ்சம் பச்சையும் இருந்தது.

பூமியில் இதெல்லாம் ஒரு செய்தியா? சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கி ஊற்றினால் மறுநாள் காலையில் புதுத் தயிர் தயார். ஆனால் சிவந்தகுறிச்சி இருப்பது செவ்வாய்க் கிரகத்தில், பாறைக்குள். இங்கே ஒரு சட்டி செத்தால் ஊர்த் தலைவருக்குச் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டியவள் நாச்சியார். நினைவுக் காப்பாளர் என்பது அவள் வேலையின் பெயர். ஊரார் அவளுக்கு வைத்த பெயர் சட்டி அதிகாரி.

செவ்வாயில் அவ்வப்போது சூரியப் புயல் அடிக்கும். அடித்தால் கணினிகளில் இருப்பதெல்லாம் ஈரத்துணியால் பலகையைத் துடைத்த மாதிரி போய்விடும். முதலில் குடியேறியவர்கள் அப்படி ஒரு புயலில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, எந்த இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்றே தெரியாமல் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் பூமியில் யாரோ ஒரு புத்திசாலிக்கு யோசனை வந்தது. நினைவை இயந்திரத்தில் வைத்தால்தானே அழியும், உயிருக்குள் வைத்தால்? தயிரில் வாழும் நுண்ணுயிர்களின் மரபணுவுக்குள் தகவலை எழுதினார்கள். புயலில் பெரும்பகுதி செத்தாலும் மிச்சம் இருப்பவை பாலைக் கண்டதும் பெருகிவிடும். ஒரு வேலையும் இல்லை. தினம் உறை ஊற்ற வேண்டும், தினம் சாப்பிட வேண்டும். தயிர்ச்சோறு சாப்பிடுகிற கூட்டமாகப் பார்த்து இந்த ஊருக்கு ஆள் எடுத்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்வார்கள்.

ஊரின் மொத்த நினைவையும் பங்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் மூன்று வீடுகளில் கொடுத்து வைத்திருந்தார்கள். கணினியில் இருந்த ஊர்ச் சட்டக் கையேட்டில் ஒவ்வொரு வீட்டுச் சட்டிக்கும் கணு என்று பெயர். ஒரு கணு செத்தால், அதே பங்கை வைத்திருக்கும் மற்ற இரண்டு வீடுகளிலிருந்து உறை எடுத்து நான்காவதாக ஒரு வீட்டில் புதுக் கணு வைக்க வேண்டும். மூன்று எப்போதும் மூன்றாகவே இருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். நாச்சியாருக்குச் சட்டம் என்றால் உயிர். கையேட்டின் எந்தப் பிரிவில் எந்த வரி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். யாரும் தூக்கத்தில் கேட்டதில்லை, விழித்திருக்கும்போதும் கேட்டதில்லை.

ஐயம்பெருமாள் ஊரின் காற்று நிலையத்துக்குப் பொறுப்பாளர். ஐம்பத்தைந்து வயது, தனிக்கட்டை, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடுகிற மனிதர். அவர் சட்டியில் இருந்தது காற்றுப் பங்கு. நிலையம் நின்றுபோனால் அதை மறுபடி ஓடவைக்கத் தேவையான கோடிக்கணக்கான அளவுகள் அதற்குள் இருந்தன. அடுத்த வாரம் பெரிய புயல் வரப்போகிறது என்று பூமியிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. புயலில் ஆண்டெனாவும் கருகிவிடும், சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கச் சேமிப்புக் காற்று கிடையாது. காற்றுப் பங்கு இல்லையென்றால் புயல் முடிந்ததும் மீட்புக் கப்பலில் ஏறி ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கடைசியாக எப்போது உறை ஊற்றினீர்கள் என்று நாச்சியார் கேட்டாள். ஐயம்பெருமாள் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஊற்றணும் என்று தோணவில்லை என்றார். உடம்பு சரியில்லையா என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். அவ்வளவு பொறுப்பான மனிதர் இப்படிப் பொறுப்பில்லாமல் பேசி அவள் கேட்டதே இல்லை. கோபம் வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

போகட்டும், மற்ற இரண்டு வீடுகள் இருக்கின்றனவே. ஒன்று பள்ளிக்கூட வாத்தியார் ஞானதுரை வீடு, இன்னொன்று நர்ஸ் ஆவுடை வீடு. இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு கரண்டி உறை வாங்கிக்கொண்டு வந்தாள். புதுச் சட்டிக்கு ஊற்றுமுன் பங்கு சரிதானா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஊரில் படிப்பான் என்று ஒரே ஒரு கருவி உண்டு. அந்தக் கருவியால் தயிரில் இருப்பதைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. எழுதுகிற வசதி பூமியில்தான். ஒரு சட்டியைப் படிக்க ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும். அது அத்தனை மந்தம் என்பதால் வருடாந்தரச் சோதனையில்கூட நாச்சியார் படிப்பானை எடுப்பதில்லை. வீடு வீடாகப் போய், சட்டியைச் சாய்த்துப் பார்த்து, தயிர் கட்டியாக இருக்கிறது, சரி என்று சொல்லிவிட்டு வருவாள்.

முதல் நாள் வாத்தியார் வீட்டுத் தயிரைப் படித்தாள். உள்ளே இருந்தது பாட்டுப் பங்கு. தாலாட்டு, கும்மி, கோயில் பாட்டு எல்லாம் இருந்தன, காற்று மட்டும் இல்லை. இரண்டாம் நாள் ஆவுடை வீட்டுத் தயிர். அதில் இருந்தது கட்டடப் பங்கு. சுவர் எத்தனை கனம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று விலாவாரியாக இருந்தது.

நாச்சியார் படிப்பானை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். நேரே வாத்தியாரிடம் போனாள். ஞானதுரை முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒருவழியாகச் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் தயிர் ஒருநாள் நூல் விட்டுப்போனது. அதிகாரியிடம் சொன்னால் வெட்கக்கேடு, தயிர்கூட ஒழுங்காக உறையவைக்கத் தெரியாத வாத்தியார் என்று பிள்ளைகள் சிரிக்கும். அதனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். ஆவுடை இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். எனக்கும் வீட்டுக்காரருக்கும் ராத்திரி டியூட்டி, சட்டி செத்தது, எதிர்வீட்டில் வாங்கினோம், எல்லாரும்தான் வாங்குகிறார்கள்.

எல்லாரும்தான் வாங்குகிறார்கள் என்பது நாச்சியாரின் நெஞ்சில் கல்லாக விழுந்தது. செய்த தப்பு அப்போதுதான் விளங்கியது. சட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, சட்டிக்குள் இருப்பது யார் என்று பார்க்கவில்லை. இத்தனை வருடமாக ஊரில் கணுக்கள் செத்துக்கொண்டும் பக்கத்து வீட்டு உறையில் பிழைத்துக்கொண்டும் இருந்திருக்கின்றன. எண்ணிக்கை குறையவே இல்லை. பங்குகள்தான் ஒன்றை ஒன்று தின்றுவிட்டன.

தலைவர் சொரிமுத்து ஊர்க்கூட்டம் போட்டார். குரல் பெரிய குரல், பாறைச் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும். சட்டி மாற்றியவர் யாராக இருந்தாலும் சும்மா விட மாட்டேன், தண்டனை உண்டு என்று முழங்கினார். நாச்சியார் அவர் கையைப் பிடித்து உட்காரவைக்காத குறை. மிரட்டினால் வாயைத் திறக்க வேண்டியவர்கள்கூடத் திறக்க மாட்டார்களே.

கூட்டத்தில் மாடத்தி எழுந்து, அந்தச் சட்டியில் அப்படி என்னதான் போச்சு, எல்லாருக்கும் விளங்குகிற மாதிரி சொல்லு என்று கேட்டாள். பனிச்சுரங்கத்தில் வண்டி ஓட்டுகிறவள், ஐம்பதைத் தொட்டவள், கணவனை இழந்து பல வருடமானவள். ஊரில் அவளுடைய தயிருக்குத்தான் பெயர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது, புளிப்பும் இனிப்பும் அளந்து ஊற்றியது மாதிரி இருக்கும். விருந்து என்றால் மாடத்தி வீட்டுத் தயிர் ஒரு கிண்ணமாவது வர வேண்டும். அந்தப் பெருமையை அவளும் குறைத்துக்கொண்டதில்லை. மற்றவர் வீட்டுத் தயிரைப் பார்த்தால் வாயில் சொல்ல மாட்டாள், புருவத்தில் சொல்வாள்.

“அக்கா, காற்று நிலையம் ஒரு தேர்னு வச்சுக்கோங்க” என்றாள் நாச்சியார். “நின்ன தேரை இழுக்க எந்த வடத்தை யாரு பிடிக்கணும், எந்தச் சக்கரத்துக்கு எப்பக் கட்டை போடணும்னு ஒரு முறை இருக்குல்ல. அந்த முறை மூணு வீட்டுல இருந்துச்சு. மூணுலயும் இப்ப இல்ல. ஆனா ஐயம்பெருமாள் அண்ணாச்சி வீட்டுல இருந்து எப்பவாவது யாராவது ஒரு கரண்டி வாங்கியிருந்தா, அவிய வீட்டுல அது இன்னும் உயிரோட இருக்கும். ஒத்தை வீடு போதும். அந்த வீடு எதுன்னு தெரியணும். எல்லா வீட்டுச் சட்டியையும் படிச்சுப் பார்க்க நாளு இல்ல.”

அவரவர் அவரவர் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயம்பெருமாள் எழுந்து, என் வீட்டிலிருந்து யாரும் வாங்கவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாடத்தியும் உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் கலைந்தது.

பொய் சொல்லப் பழகாதவர் பொய் சொன்னால் அது நெற்றியில் தெரியும். நாச்சியார் மறுநாள் காற்று நிலையத்துக்கே போனாள். ஐயம்பெருமாள் பெரிய விசிறி ஒன்றின் கீழே உட்கார்ந்து அதன் ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் சில நாளில் நிற்கப்போகிற விசிறி. இந்த ஊருக்கு முதல் மூச்சைக் கொடுத்ததே இவர் கைதான். இவருக்கா ஊர் காலியாவதில் சம்மதம்? அவள் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவரே பேசினார். “எனக்குத் தெரியாதுன்னு சொல்லல நாச்சியா. அது என் ரகசியமா மட்டும் இருந்தா நேத்தே சொல்லியிருப்பேன்.”

“ஊரு போயிருமே அண்ணாச்சி.”

“தெரியும். அதுதான் சோறு இறங்கல. இன்னும் ரெண்டு நாள் பொறு. சொல்ல வேண்டியவுக சொல்லுவாக. சொல்லலைன்னா நானே சொல்லுதேன். சொல்லிட்டு அவுக முகத்துல எப்படி முழிக்கப் போறேனோ.”

அவுக என்று அவர் சொன்ன விதத்தில் நாச்சியாருக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை விளங்கிக்கொள்ள அவள் விரும்பவில்லை. கையேட்டின்படி அவள் அவரைக் கட்டாயப்படுத்தலாம், வீட்டைச் சோதிக்கலாம், தலைவரிடம் எழுதிக் கொடுக்கலாம். எந்தப் பிரிவு என்றும் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பிரிவு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கே ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்புக் கொடுத்தாள். ஐயம்பெருமாள் வீட்டுத் தயிர் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசலில் ஒரு கிண்ணம் வைத்துவிட்டுப் போகலாம். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பேன். எட்டிப் பார்க்க மாட்டேன். யாரையும் கேட்க மாட்டேன். தலைவர் சொரிமுத்து ஓடிவந்து, இது என்ன திருட்டுக்குத் திண்ணை போட்டுக் கொடுக்கிற அறிவிப்பு என்று கத்தினார். நாச்சியார் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சிவந்தகுறிச்சியில் எண்ணெய் விளக்குக்கு அனுமதி கிடையாது, சுடர் காற்றைத் தின்றுவிடும். ஆனால் பழக்கத்தை விட முடியுமா? எல்லா வீட்டிலும் பித்தளை விளக்கின் முகத்தில் பொட்டு மாதிரி ஒரு பல்பு உண்டு. சாயங்கால மணி அடித்ததும் வீடு வீடாக அந்தப் பல்புகள் எரியும். விளக்கு வைத்த பிறகு உப்பும் தயிரும் வீட்டைத் தாண்டக் கூடாது என்கிற கட்டுப்பாடும் பூமியிலிருந்து பத்திரமாகக் கூடவே வந்து சேர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் பேச்சே இல்லை.

நாச்சியார் இதை யோசிக்காமலா வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று சொன்னாள்? யோசிக்கவே இல்லை. அறிவிப்புக் கொடுத்தபோது அவள் மனதில் இருந்ததெல்லாம் படிப்பானும் நாள் கணக்கும்தான். மணி அடித்த பிறகுதான் உறைத்தது. கதவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கொண்டுவர நினைத்த புண்ணியவதி இருந்தாலும் இனி எப்படி வருவாள்?

வெளியே முதலில் ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஊரே திறந்துகொண்ட மாதிரி ஒரு சலசலப்பு. எட்டிப் பார்க்க மாட்டேன் என்று சொன்னவள் கதவில் காதை வைத்தாள். காது வைப்பதைப் பற்றி அறிவிப்பில் ஒன்றும் சொல்லவில்லையே.

தலைவரின் மனைவி வள்ளிநாயகத்தின் குரல் கேட்டது. “ஏ மாடத்தி, விளக்கு வச்சாச்சு. வெள்ளிக்கிழமை வேற. தயிரைத் தூக்கிக்கிட்டு எங்க போற?”

“கொடுக்கப் போகல மதினி” என்றது மாடத்தியின் குரல். “திருப்பிக் கொடுக்கப் போறேன்.”

நாச்சியார் கதவைத் திறந்துவிட்டாள். வாக்குத் தவறியது தப்புத்தான், ஆனால் அந்த ஊரில் அந்த நிமிடம் உள்ளே உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்தி மட்டும்தான். மாடத்தி நடுத்தெருச் சுரங்கத்தில் நல்ல சேலை கட்டி, சட்டியை மூடாமல், எல்லாரும் பார்க்கும்படி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்து வந்தாள். நாச்சியார் வீட்டு வாசலைக் கடந்தபோது ஒரு கணம் நின்றாள்.

“ஏட்டி, உன் மனசு நல்ல மனசு. ஆனா வாசல்ல வச்சிட்டு ஓடச் சொல்லாத. இத்தனை வருசம் ஒளிச்சு ஒளிச்சுத்தானே இங்க வந்து நிக்கோம்.”

சொல்லிவிட்டு நேரே ஐயம்பெருமாள் வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே ஊரும் போயிற்று. அவர் வாசலில் நின்றிருந்தார். கழுத்துப் பொத்தான் போடவில்லை. அதை நாச்சியார் கவனித்தாள்.

“இந்தாரும், உம்ம வீட்டுத் தயிரு” என்று மாடத்தி சட்டியை நீட்டினாள். பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். “நல்லாக் கேட்டுக்கோங்க. நான் இங்க வந்த முதல் மாசமே என் சட்டி செத்துப்போச்சு. சுரங்கத்துல ரெண்டு ஷிப்ட் பார்த்துக்கிட்டு இருந்தேன், கவனிக்க முடியல. இவரு வீட்டுல வந்து ஒரு கரண்டி வாங்கினேன். அதுக்கப்புறம் நீங்க மாடத்தி தயிரு, மாடத்தி தயிருன்னு சப்புக்கொட்டித் தின்னது பூராவும் இவரு வீட்டுத் தயிருதான். பேரு மட்டுந்தான் எனக்கு.”

பெருமையைத் தன் கையாலேயே இறக்கி வைப்பது என்ன லேசா? அவள் சட்டியை இறக்கவில்லை. குரலையும் இறக்கவில்லை.

“உறை வாங்க வந்து போயி, பேசிப் பழகி, போன மாசம் கல்யாணம் பண்ணிக்கிடுவமான்னு கேட்டாரு. ஊரு என்ன சொல்லும்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதோட இவரு பாலுக்கு உறை ஊத்துறதையே விட்டுட்டாரு, பைத்தியக்காரரு. சட்டி செத்தது இவரு தப்பு இல்ல, என் தப்பு.” கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். “இப்பக் கேக்கேன். ஊரு என்ன சொல்லுது?”

ஊர் என்ன சொல்வது என்று ஊருக்குத் தெரியவில்லை. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். சொரிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சட்டி மாற்றியது பெரிய குற்றம் என்று ஆரம்பித்தார். வள்ளிநாயகம் அவரை முடிக்க விடவில்லை.

“நீங்க சும்மா இருங்க. நம்ம வீட்டுச் சட்டியில இருக்கிறது மட்டும் யாரு தயிராம்? வந்த மூணாம் மாசமே மாடத்தி கிட்டத்தான் உறை வாங்குனேன். நமக்குக் கொடுத்த தயிரு, தண்ணி மாதிரி, வாயில வச்சாப் பல்லு கூசும். அதைத் தின்னுட்டு உங்க கூட எவ குடும்பம் நடத்துவா?”

முதலில் சிரித்தது யார் என்று பிறகு பெரிய விவாதமே நடந்தது. வாத்தியார்தான் என்று நாச்சியார் சொல்வாள். அந்தச் சிரிப்பில் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் உடைந்தது. நானும் மாடத்தி கிட்ட வாங்கினேன், நாங்களும், எங்க வீட்டிலும் என்று நாலு திசையிலிருந்தும் குரல் வந்தது. அப்படியென்றால் காற்றுப் பங்கு ஒரு வீட்டில் இல்லை, பாதி ஊரில் இருக்கிறது. மூன்று வீட்டில் பத்திரமாக வைக்கச் சொன்னதைச் சுவை பார்த்தே இத்தனை வீட்டில் பரப்பியிருக்கிறார்கள். நாச்சியாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெட்கப்படாமல் இரண்டையும் செய்தாள்.

ஐயம்பெருமாள் இன்னும் சட்டியை வாங்கவில்லை. “இதை உள்ள கொண்டு வைக்கட்டுமா? இல்ல, நாளைக்கு வந்து திருப்பிக் கேப்பியா?”

“சட்டி உள்ள போனா நானும் உள்ள வருவேன். யோசிச்சு வாங்கும்.”

அவர் யோசிக்கவில்லை. சட்டியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் முழுக்கப் படிப்பான் முனகிக்கொண்டே அந்தத் தயிரைப் படித்தது. காற்றுப் பங்குதான், ஒரு குறையும் இல்லை. அதிலிருந்து உறை எடுத்து, வாத்தியார் வீட்டிலும் ஆவுடை வீட்டிலும் நாச்சியார் தன் கையாலேயே சட்டி வைத்தாள். தினமும் காலையில் போய்ச் சாய்த்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்ததோடு நிறுத்தாமல் ஒரு வாய் சாப்பிட்டும் பார்த்தாள்.

புயல் சொன்ன நாளில் வந்தது. பாறைக்குள் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது, விளக்கு மட்டும் அணையும். கணினிகள் ஊமையாயின. பெரிய விசிறி சுற்றுவதை மெல்ல மெல்லக் குறைத்து நின்றது. பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் அது நின்றதும் பயந்துபோய் அழுதன. படிப்பானுக்கு நினைவு என்று ஒன்று கிடையாது, அதனால் புயலுக்கு அதனிடம் பறிக்க ஒன்றுமில்லை. கை மின்கலத்தில் அதை ஓட்டி, மாடத்தி கொண்டுவந்த சட்டியிலிருந்து அளவுகளை எடுத்து நிலையத்துக்குள் ஊட்டினார்கள். ஐயம்பெருமாள் விசையைத் திருப்பினார். விசிறி ஒரு தடவை யோசித்தது, பிறகு சுற்றியது. மாடத்தி அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். எல்லாரும் பார்க்கும்படியே வைத்தாள்.

அடுத்த வாரங்களில் நாச்சியார் ஒவ்வொரு வீட்டுச் சட்டியாகப் படித்தாள். காற்று பிழைத்தது, பாட்டு பிழைத்தது, கட்டடமும் மருந்தும் விதையும் பிழைத்தன. போனவையும் உண்டு. முதல் சில வருடங்களில் பூமியிலிருந்து வந்த வீட்டுக் குரல்கள் எல்லாம், பின்னால் பூமியிலேயே எழுதிக் கப்பலில் அனுப்பிய ஒரே பங்கில் இருந்தன. அது எந்தச் சட்டியிலும் இல்லை. நாச்சியாரின் அம்மா, போய்ச் சேர்ந்தாயா, சாப்பிட்டாயா என்று அனுப்பிய குரலும் அதில்தான் இருந்தது. அன்று அவள் அடுத்த சட்டியை எடுக்கவில்லை. மாடத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

கல்யாணம் ஊர்ப் பொதுமண்டபத்தில் நடந்தது. பந்தியில் தயிர் வந்தபோது, இது யார் வீட்டுத் தயிர் என்று ஒருவர் கேட்க, ஐயம்பெருமாள் வீட்டுத் தயிர் என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. மாடத்தி புருவத்தை உயர்த்தினாள். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

பந்தி முடிந்து கை கழுவிவிட்டுத் தலைவர் சொரிமுத்து நாச்சியாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆண்டெனா சரியாகிவிட்டது, தொலைந்த பங்குகளைப் புதிதாக எழுதி அடுத்த கப்பலில் அனுப்பச் சொல்லிப் பூமிக்குச் செய்தி போக வேண்டும், என்னென்ன தொலைந்தது என்று கேட்டார். வழக்கமான முழக்கம் இல்லை, தணிந்த குரல்தான்.

நாச்சியார் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக் குரல்கள், வானத்து வரைபடங்கள், பழைய அறுவடைக் குறிப்புகள். எல்லாம் சொல்லி முடித்தாள்.

சொரிமுத்து நகரவில்லை. எதிரே மாப்பிள்ளையும் பெண்ணும் யார் வீட்டில் குடியிருப்பது என்று சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“நம்ம வீட்டுச் சட்டியில முதல்ல இருந்துதே, வள்ளிநாயகம் கீழே ஊத்துனது. அது சட்டப் பங்குதானே?” என்றார்.

ஆமாம், சட்டப் பங்குதான். மற்ற இரண்டு வீட்டிலும் அது புளித்தது, அவர்களும் மாடத்தியிடம்தான் போனார்கள். சட்டி மாற்றினால் என்ன தண்டனை என்பது அதில்தான் இருந்தது. கணு வைத்திருக்கும் இருவர் ஒரே கூரையின் கீழ் குடியிருக்கக் கூடாது, அப்படிக் கல்யாணம் செய்தால் ஒருவரை அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதும் அதில்தான் இருந்தது. ஏழாம் பிரிவு, கடைசிக்கு முந்தின வரி. கணினியில் இருந்த கையேட்டையும் புயல் துடைத்துவிட்டதால், அந்த ஊரில் அதை வரி பிசகாமல் சொல்லக்கூடியவள் இப்போது நாச்சியார் ஒருத்திதான்.

“அதையும் எழுதி அனுப்பச் சொல்லணுமா?” என்றார் சொரிமுத்து.

“எதை அண்ணாச்சி?” என்றாள் நாச்சியார்.